பீக்கியா, பெக்கிஷா? யார்க்‌ஷயர் வார்டில் காதைப் பழக்குவது எப்படி

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7 எடுத்துவிட்டுத்தான் நாகர்கோவிலிலிருந்து வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு நர்ஸாக வந்தேன். முதியோர் வார்டில் முதல் வாரம், ஒரு தாத்தாவின் மகள் "அப்பா பீக்கியா இருக்கார்" என்றார். என் காதில் 'பெக்கிஷ்' என்று விழுந்தது. டோஸ்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெக்கிஷ் என்றால் லேசான பசி, கோழி கொத்துவதைச் சொல்லும் 'பெக்'கிலிருந்து வந்த சொல். பீக்கி என்றால் முகம் வெளிறி, சுகமில்லாத தோற்றம். சீனியர் அக்கா வந்து பிபி பார்த்தபோது நன்றாக இறங்கியிருந்தது. தாத்தா தேறிவிட்டார். எனக்கு மட்டும் அந்தத் தட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்தேன். நீங்களும் வையுங்கள். குழப்பும் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அதன் ஜோடியைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அர்த்தத்தோடு, அதைக் கேட்டால் கை என்ன செய்யணும் என்பதையும் குறியுங்கள். பெக்கிஷ்: சாப்பாடு. பீக்கி: பிபி, நாடி, காய்ச்சல்.

முதலில் பழகவேண்டியது 'அவுட்', 'நவுட்'. வெளியே என்கிற 'அவுட்' இல்லை இது. யார்க்‌ஷயரில் 'அவுட்' என்றால் ஏதாவது, 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை. முன்னால் ஒட்டும் அந்த 'ந'தான் மறுப்பு. ஆங்கிலத்தில் 'எவர்', 'நெவர்' மாதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஊர்ப் பெரியவர்கள் "சாப்பிடல" என்பதோடு 'நவுட்'டையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டு மறுப்பு சேர்ந்து 'சாப்பிட்டேன்' ஆகிவிடாது, ஒன்றுமே சாப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். 'ந' சரியாக விழாவிட்டால் ஊகிக்காதீர்கள். "காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடலையா?" என்று முழுசாகத் திருப்பிக் கேட்டுவிட்டு சார்ட்டில் எழுதுங்கள்.

அடுத்தது 'கிளாமி', 'கிளெம்ட்'. கிளெம்ட் என்றால் வடக்குப் பக்கத்துப் பழைய பேச்சில் கடும்பசி. கிளாமி என்றால் தோல் சில்லென்று வேர்த்துப் பிசுபிசுப்பது. அப்படியென்றால் உடனே படுக்கையருகே போய்விடுங்கள்; சர்க்கரை இறங்கியிருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம்.

'சஃப்டு' சந்தோஷம், 'மிஃப்டு' மனத்தாங்கல். இதை முகமே சொல்லிவிடும்.

தெரிந்த சொல்லும் ஏமாற்றும். "ஸ்டார்வ்டு" என்று ஒரு பாட்டி சொன்னால் பசியாக இருக்கலாம், குளிரில் விறைக்கிறார் என்றும் இருக்கலாம். கையைத் தொட்டுப் பாருங்கள், வேண்டுமென்றால் கம்பளி போர்த்துங்கள்.

'பூர்லி'யில் 'பூர்' இருப்பதால் ஏழை என்று நினைக்கவேண்டாம். வீட்டில் சொன்னால் கொஞ்சம் உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். ஷிஃப்ட் மாறும்போது நர்ஸுகள் நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில் "வெரி பூர்லி" என்றால் உயிருக்கே ஆபத்து. அப்போது நீங்கள் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி, "குடும்பத்துக்குப் போன் போட்டாச்சா?"