டியூ பாக்கி உள்ள காரை வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

"கைக்கு ஒரு லட்சம் கொடுங்க, மீதி டியூவை நீங்களே கட்டிக்குங்க, முடிஞ்சதும் பேரு மாத்தித் தர்றேன்."

பழைய கார் தேடி அலைந்தவர்கள் இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். முத்திரைத்தாளில் நாலு வரி, இரண்டு சாட்சிக் கையெழுத்து, நோட்டரி சீல். சாவி கைக்கு வந்துவிடும். ஆனால் ஆர்சியில் இருப்பது அவர் பெயரும் கடன் கொடுத்தவர்கள் பெயரும்தான். அந்தத் தாளை நம்பி ஆர்டிஓ பெயர் மாற்ற மாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51-ன்படி, ஃபைனான்ஸில் உள்ள வண்டிக்குப் பெயர் மாற்ற ஃபைனான்ஸ்காரரின் எழுத்துமூல சம்மதம் வேண்டும்.

படி 1: ஆர்சியையும் கடன் கணக்கையும் பாருங்கள்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, எல்லாம் தெரியும். அப்புறம் விற்பவரிடம் கடன் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். "டியூ சரியாப் போகுதுங்க" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது.

படி 2: விற்பவருடன் வங்கிக்குப் போங்கள்

நிறைய பேர் தவறவிடுவது இதைத்தான். மாதம் 12,500 வீதம் அவருக்கு ஜிபேயில் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். 18 மாதத்தில் 2,25,000 ரூபாய். நடுவில் அவர் நாலு டியூவை விழுங்கிவிட்டால், வண்டியை சீஸ் செய்ய ஆள் வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு. அடியாள் வைத்துப் பிடுங்கக் கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அதற்காக வண்டி உங்களுடையது ஆகிவிடாது. கடன் முடியும்வரை வங்கி அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அதை மீறியதாக அவர்மேல் புகார் போனால், வண்டியை வைத்திருக்கும் உங்களையும் விசாரிப்பார்கள்.

வங்கியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடனை என் பெயருக்கு மாற்ற முடியுமா? முடியாவிட்டால், இன்றைய தேதிக்கு முழுசாக அடைக்க எவ்வளவு? பதிலை ஃபோர்குளோஸர் லெட்டராக, அதாவது கடனை முன்கூட்டியே அடைக்க வேண்டிய தொகையைச் சொல்லும் கடிதமாக வாங்குங்கள். அதே வங்கியில் அவருக்கு வேறு கடன் பாக்கி உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள். அதைக் காட்டி என்ஓசியை (ஆட்சேபணை இல்லை என்ற சான்றை) நிறுத்திவைப்பதும் நடக்கிறது.

படி 3: பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள்

கையில் மொத்தப் பணம் இல்லையென்றால், உங்கள் பெயரில் பழைய கார் லோன் கேட்டு அதில் அடையுங்கள். வட்டி கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை.

படி 4: பெயர் மாற்றம்

வங்கியின் என்ஓசி, ஹெச்பி கேன்சலுக்கு (ஆர்சியிலிருந்து ஃபைனான்ஸ் பதிவை நீக்க) படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து வாங்கிய கையோடு ஆர்டிஓ வேலையை முடியுங்கள். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள்தான் அவகாசம். மாற்றாமல் வண்டி இடித்தால் சொந்தச் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் கேட்க முடியாது. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான்.

விற்பவரும் நிம்மதியாக இருக்க முடியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் கார் பல கை மாறிய பிறகு, 2009-ல் விபத்து நடந்தது. ஆர்சியில் முதல் ஆளின் பெயரே இருந்ததால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு அவர்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்ற இழுத்தடிப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மறுநாளே ஆர்டிஓ வாசலில் நிற்பார்.

சரி, ஏற்கெனவே வண்டியை எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இந்த மாத டியூவை அவர் கையில் கொடுக்காதீர்கள். கடன் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் நேராகக் கட்டி, ரசீதை வாங்கி வையுங்கள். கட்டிய கையோடு அவரை அழைத்துக்கொண்டு படி 2-க்குப் போங்கள்.