பகான்ல வாட்டர்கலர் போடப் போறீங்களா? செங்கல்லுக்கு சிவப்பு எடுக்காதீங்க

ரங்கூன்ல ராத்திரி பஸ் ஏறினா விடியறதுக்குள்ள பகான், மியான்மர்ல (பர்மா) இருக்குற பழைய கோயில் ஊரு, அங்க 2,000க்கு மேல கோயில் நிக்குது, முதல் தடவை போறவங்க எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல ஏத்தப் பாப்பாங்க (நானும்தான்), கடைசில முள்ளம்பன்றி முதுகு மாதிரி வரும். மூணு கோயில் போதும். கிட்டக்க ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தூரத்துல நிழலா ஒண்ணு.

2016 நிலநடுக்கத்துக்கு அப்புறம் கோயில் மேல ஏற விடறதில்ல, பாக்குறதுக்குன்னே மண்மேடு போட்டிருக்காங்க, இ-பைக் எடுத்துட்டு அஞ்சரைக்கெல்லாம் அங்க இருங்க. காலைப் பனிமூட்டம் வேணும்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போகணும்.

300 ஜிஎஸ்எம் (நல்ல தடியான) காட்டன் பேப்பர், நாலு ஓரமும் டேப். முழு பேப்பரையும் நனைச்சு மேல கோபால்ட் ப்ளூ லேசா, கீழ வர வர யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), தனக்கா, அதான் பர்மாக்காரங்க முகத்துல பூசுற மரப்பட்டைச் சாந்து, அத கரைச்ச தண்ணி மாதிரி இருந்தா போதும். இப்போ அவசரப்படாதீங்க. பேப்பர்ல பளபளப்பு அடங்குற நேரம் பாத்து, அல்ட்ராமரைன்ல (அடர் நீலம்) துளி பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) கலந்து தூரத்துக் கோயில வைங்க, ஓரம் தானா கரைஞ்சு பனி ஆயிடும். சீக்கிரம் வச்சா ஓடிடும், லேட்டா தண்ணி பிரஷ்ஷோட போனா காலிஃபிளவர் மாதிரி கறை பூத்துடும். அங்க வெயில் ஏறினா காத்து ரொம்ப வறட்சி, பேப்பர் சட்டுனு காயும், ஸ்ப்ரே பாட்டில் கட்டாயம்.

செங்கல்லுக்கு சிவப்பு டியூப் வேண்டாங்க, பொம்மைக் கோயில் ஆயிடும். வெயில் படற பக்கம் பர்ன்ட் சியென்னா தண்ணியா, நிழல் பக்கம் அதுலயே அல்ட்ராமரைன் சேத்து ஒரே இழுப்பு. கல்லு கல்லா வரையாதீங்க, அஞ்சாறு கோடு காட்டினா மீதிய கண்ணு போட்டுக்கும். இத பழக நல்ல இடம் தட்பின்னியுங்கற பெரிய கோயில் பக்கத்துல இருக்குற நத்லாங் சாவ்ங், விஷ்ணு கோயில், சின்னது, கூட்டமும் கம்மி. பகான்ல 13ஆம் நூற்றாண்டு தமிழ்க் கல்வெட்டே கிடைச்சிருக்கு தெரியுமா, மலைமண்டலத்துல (கேரளப் பக்கம்) இருந்து வந்த ஒருத்தர் நானாதேசி விண்ணகரம்ங்கற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி விளக்கு வச்சாராம், அத நெனச்சுட்டு உக்காந்தா எனக்கு கை கொஞ்சம் பொறுமையா ஓடும்.

ஆனந்தா வேற கதை. அது வெள்ளைக் கோயில், சுவர தொடாதீங்க, பேப்பர் வெள்ளைய அப்படியே விட்டு நிழல மட்டும் வெளிர் ஊதால போடுங்க. உச்சி தங்கத்துக்கு ஆக்கர்.

டேப்ப நல்லா காஞ்சப்புறம் உரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் ஒரு தடவை ஈரத்தோட இழுத்து ஆனந்தா உச்சில பாதி டேப்போடயே வந்துடுச்சு.