பழைய அமெரிக்கத் தங்கக் காசு: லூப்பை எடுத்தபிறகு பணத்தை எடுங்கள்

1904-ல் பிலடெல்பியாவில் அடித்த 20 டாலர் காசுகளின் எண்ணிக்கை அறுபது லட்சத்துக்கு மேல். எம்எஸ்-63 தரம் வரை (எம்எஸ் என்றால் புழங்காத காசு, 60 முதல் 70 வரை மதிப்பெண்) தாராளமாகக் கிடைக்கும், அதற்கு மேலே ஏற ஏறத்தான் விலை எகிறும். 1870-ல் கார்சன் சிட்டியில் அடித்ததோ வெறும் 3,789 காசுகள். தேய்ந்த காசுக்கே அடிதடி. முன்னதில் தரத்துக்கு விலை, பின்னதில் ஆண்டுக்கும் 'சிசி' என்ற நாணயச்சாலைக் குறிக்கும் விலை. இரண்டில் எதைச் சேர்க்கிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்.

தராசு, விட்டம் அளக்கக் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) மூன்றும் வேண்டும். 20 டாலர் காசு 33.436 கிராம், 34 மி.மீ. 10 டாலர் 16.718 கிராம், 27 மி.மீ. பத்தில் ஒன்பது பங்கு தங்கம். எடை சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அரிய காசின் விலை தங்க விலையைவிடப் பல மடங்கு என்பதால், கள்ளக் காசையும் அசல் தங்கத்திலேயே அடிப்பார்கள். மாதிரிக் காசில் இருந்த காயம் அச்சில் பதிந்து, எல்லாக் கள்ளக் காசிலும் ஒரே இடத்தில் விளிம்பு மழுங்கிய குழியாக வரும். குழிக்குள்ளும் பளபளப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். உருவம் உயரமாகப் புடைத்திருக்கும் 1907 ஹை ரிலீஃப் 20 டாலர் காசின் போலி ஒன்றில், கழுகின் நகத்துக்குள் குட்டி ஒமேகா எழுத்தே இருக்கும். போட்டவருக்கு அவ்வளவு பெருமை! நாணயச்சாலைக் குறியை ஒட்டவைத்திருந்தால், எழுத்தின் அடியில் மெல்லிய கோடு தெரியும்.

தரம் பார்க்க ட்யூப் லைட் உதவாது. ஒற்றை பல்பின் கீழே, விளிம்பைப் பிடித்து, காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். ஒளிப்பட்டை அறுபடாமல் சுற்றி வரவேண்டும். சிற்பி செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்த 20 டாலர் காசில் பெண்ணுருவின் மார்பிலும் முழங்காலிலும் அது மங்கி, அங்கே மட்டும் நிறம் மாறியிருந்தால் தேய்மானம்; எம்எஸ் கிடையாது, ஏயூதான் (லேசாகப் புழங்கிய தரம்). மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய வடு வேறு: எம்எஸ் காசிலும் அது உண்டு, உருவத்தின் முகத்தில் இருந்தால்தான் மதிப்பெண்ணைப் பலமாகக் குறைக்கும். 1908 முதல் 1929 வரை வந்த இரண்டரை, ஐந்து டாலர் இந்தியன் (அமெரிக்கப் பழங்குடியினர் தலை பதித்த) காசுகளில் உருவம் பள்ளமாகப் பதிந்திருப்பதால், வெற்றிடப் பரப்புதான் முதலில் அடிவாங்கும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஒரே திசையில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் யாரோ துடைத்திருக்கிறார்கள். தரச்சான்றில் மதிப்பெண்ணுக்குப் பதில் 'டீடெயில்ஸ்' (பழுதுள்ள காசு) என்று விழும், விலையும் விழும். செம்புப் புள்ளியைத் தேய்க்காதீர்கள். மென்மையான பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் படலம் வரும். சுத்தமான அசிட்டோனில் அலசினால் போதும், துணியே படக்கூடாது.

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற தரச்சான்று நிறுவனங்களின் ஸ்லாப் (காசை வைத்து மூடிய பிளாஸ்டிக் உறை) என்றாலும் அதிலுள்ள சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, படம் இருந்தால் அதிலுள்ள வடுக்கள் கையிலுள்ள காசிலும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். போலி ஸ்லாப்பும் சந்தையில் உண்டு.

1933 தேதியிட்ட 20 டாலர் காசை யாராவது நீட்டினால் லூப்பே வேண்டாம். தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று. 2021 ஏலத்தில் 1.88 கோடி டாலருக்கு மேல் போனது.