ஷோப்ஸ்கா சாலட்: பல்கேரிய முறையில்

பல்கேரியாவில் கோடை விருந்து பெரும்பாலும் இதில்தான் தொடங்கும், பக்கத்தில் சில்லென்று ஒரு கிளாஸ் ராக்கியா என்ற பழச் சாராயத்தோடு. தலைநகர் சோஃபியாவைச் சுற்றி வாழும் ஷோப் மக்களின் பெயரைத் தாங்கியிருப்பதால் ஏதோ பழங்காலத்துக் கிராமத்துப் பண்டம் என்று தோன்றும். உண்மையில் இன்றைய வடிவத்தில் இதைப் பரப்பியது பால்கன்டூரிஸ்ட் என்ற அரசுச் சுற்றுலா நிறுவனம். கருங்கடல் விடுதிகளுக்கு வந்த பயணிகளுக்காக, 1950களிலும் 60களிலும். வெள்ளை, பச்சை, சிவப்பு என்று நாட்டுக்கொடியின் நிறங்கள் மூன்றும் தட்டில் இருக்கும்.

நான்கு பேருக்கு: நன்கு பழுத்த, ஆனால் குழையாத தக்காளி அரை கிலோ, வெள்ளரிக்காய் 300 கிராம், குடைமிளகாய் 2, வெங்காயம் 1 அல்லது வெங்காயத்தாள் நான்கு தண்டு, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, சிரெனே சீஸ் 200 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி. லெட்யூஸ் சேர்த்தால் அது வேறு சாலட்.

குடைமிளகாயைப் பச்சையாகவும் போடுவார்கள். சுட்டுப் போட்டால் ருசியே தனி. கத்தரிக்காய் சுடுவதுபோல் தீயில் திருப்பித் திருப்பித் தோல் கருகும்வரை சுட்டு, மூடிய பாத்திரத்தில் 10 நிமிடம் வைத்தால் தோல் சுலபமாக உரியும். குழாயில் கழுவ வேண்டாம், சுட்ட வாசனை தண்ணீரோடு போய்விடும். முழுக்க ஆறிய பிறகே நறுக்கவும். சூட்டோடு சேர்த்தால் வெள்ளரி வதங்கும், சீஸ் இளகும்.

தக்காளி, வெள்ளரி இரண்டையும் கடிக்கத் தோதான துண்டுகளாக, ஏறக்குறைய ஒரே அளவில் நறுக்கவும். பொடியாக அரிந்தால் சாறு விட்டுக் குழம்பாகிவிடும். வெங்காயம் மட்டும் மெல்லியதாக இருக்கட்டும்.

இந்தச் சாலட் கெடுவது பெரும்பாலும் உப்பால்தான். உப்பு பட்டதும் காய்கள் நீர் விடத் தொடங்கும். அதனால் நறுக்கி வைத்துவிட்டு, பரிமாறும் நேரத்தில்தான் உப்பு, எண்ணெய், வினிகர் சேர்த்துப் புரட்ட வேண்டும். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், மீதியைச் சீஸ் கொடுக்கும்.

சிரெனே என்பது உப்புநீரில் ஊறிப் பதமாகும் புளிப்பான வெள்ளைச் சீஸ். உப்பு தூக்கலாக இருந்தால் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரம் ஒற்றி எடுக்கவும். துருவும்போது பிசைந்துபோகிறதா? 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துருவினால் பூப்பூவாக உதிரும். கிடைக்காதவர்கள் ஃபெட்டா வாங்கலாம். பனீர் சரிப்படாது, அதில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை.

சீஸைக் காய்களோடு கலக்காமல், காய் கண்ணுக்குத் தெரியாதபடி மேலே பனிபோல் துருவி மூடவும். பார்ஸ்லி தூவி, உச்சியில் ஒரு கறுப்பு ஆலிவ். சாப்பிடும்போது அவரவர் தட்டில் கலந்துகொள்ளட்டும். அடியில் தங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், அது ரொட்டியால் தொட்டுத் துடைத்துச் சாப்பிடுவதற்கு.