ஊசியிலிருந்து ஜெல்லுக்கு

மயிலாப்பூரில் வசிக்கும் எனக்கு வயது 61. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் வாரத்துத் தெம்பு மூன்றாவது வாரத்தில் வடிந்துவிடுவதால், வயது ஏற ஏற மருந்து பலனிழக்கிறது என்றெண்ணி, அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கவும் துணிந்தேன். மருத்துவரோ முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 55 சதவீதம். 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்படும் என்பதால் ஊசியை நிறுத்தினார். (கூட்டச் சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.) எண் இறங்கிய பிறகு, தினமும் தோளில் பூசும் ஜெல்லுக்கு மாறினேன், தெம்பின் அந்த ஏற்ற இறக்கம் அடங்கியது. குளித்துத் துவட்டியதும் பூசி, காய்ந்தபின் சட்டை அணிந்து, கையைச் சோப்பால் கழுவிய பிறகே பேத்தியைத் தூக்குகிறேன், மருந்து குழந்தை மேல் ஒட்டிவிடக் கூடாதல்லவா. முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.