ஆயில் கூலர் மாட்டும்போது எஞ்சினைக் காவு வாங்கும் தவறுகள்

2009 மாடலாக அமெரிக்காவில் வந்த நிசான் 370இசட் காரை வாங்கி டிராக்குக்கு எடுத்துப் போனவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துபோனது. வெயில் நாளில் சில சுற்றுகள் விரட்டி ஓட்டினால் ஆயில் கேஜின் முள் ஏறிக்கொண்டே போகும். 280 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 138 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் கார் தானாகவே ஆர்.பி.எம்-ஐக் கட்டுப்படுத்திவிடும். 3.7 லிட்டர், 332 குதிரைத்திறன் எஞ்சின். ஆனால் ஆரம்பத்தில் வந்த சாதாரண மாடலுக்குத் தனி ஆயில் கூலர், அதாவது எஞ்சின் ஆயிலைக் காற்றால் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர், கிடையாது. பின்னாளில் நிசானே சில மாடல்களில் அதைச் சேர்த்துக் கொடுத்தது. அதற்குள் வெளியே கூலர் கிட் விற்றவர்களுக்கு நல்ல வியாபாரம்.

அந்தக் காருக்குக் கூலர் தேவைதான். டாஷ்போர்டிலேயே ஆயில் வெப்பக் கேஜ் இருந்ததால் எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். மற்ற கார்களில் பலர் ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல் கிட்டை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். பம்பருக்குள் பளபளவென்று ஒரு கூலர் தெரிந்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எஞ்சினின் பிரஷர் லைனைப் பிரித்து, காரின் மூக்குவரை கொண்டுபோய், திரும்பக் கொண்டுவரும் வேலை. எட்டுக்குக் குறையாத புது இணைப்புகள் சேர்கின்றன. அதில் ஒன்று ஓடும்போது கழன்றால், ஓரம் கட்டி எஞ்சினை அணைப்பதற்குள் பேரிங் போய்விடும்.

அளக்காமல் மாட்டுவது

தண்ணீர் முள் நடுவில் நிற்கிறது, எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் அந்த முள் வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்டது. தண்ணீரின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் அது அசையாது. ஆயிலின் கதை அதற்குத் தெரியவே தெரியாது. காலையில் தண்ணீர் 90 டிகிரியைத் தொடும்போது ஆயில் இன்னும் 60-ல் இருக்கலாம். டிராக்கில் தண்ணீர் 95-ல் நிற்க, ஆயில் 130-ஐத் தாண்டியிருக்கலாம்.

ஆகவே முதல் செலவு கூலர் இல்லை. ஒரு நல்ல ஆயில் வெப்ப சென்சார். சம்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில் போட்டால், எஞ்சினைச் சுற்றி வந்த சூடான ஆயிலைக் காட்டும். கூலரிலிருந்து திரும்பும் லைனில் போட்டால் குளிர்ந்த ஆயிலைக் காட்டும். இரண்டும் வேறு எண்கள். இரண்டு பேர் தங்கள் கார்களின் வெப்பத்தை ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொள்வதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

சம்பில் 90 முதல் 110 டிகிரிவரை இருந்தால் ஆயில் தன் வேலையைச் செய்கிறது, அதைத் தொடாதீர்கள். நல்ல சிந்தெடிக் ஆயில் 120-ஐயும் தாங்கும். அதற்கு மேல் விடாமல் ஓடினால் கூலர் பற்றிப் பேசலாம். வெப்பம் 10 டிகிரி ஏறும்போது ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால்தான் 110-க்கும் 140-க்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம். தண்ணீரும் சேர்ந்து கொதிக்கிறதென்றால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். பல கார்களில் தொழிற்சாலையே ஆயிலையும் கூலன்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடும் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சரை வைத்திருக்கும். அதில் தண்ணீர் குளிர்ந்தால் ஆயிலும் தானாக இறங்கும்.

“நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?”

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். தெர்மோஸ்டாட் என்பது ஆயில் சூடாகும்வரை அதைக் கூலர் பக்கம் போகவிடாத வால்வு. சென்னை வெயில் 40 டிகிரியே ஆனாலும், ஆயில் இருக்கவேண்டிய இடத்துக்கு அது 50 டிகிரி கீழே. ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கூலருக்குள் அடிக்கும்போது, எஞ்சின் லேசான லோடில் ஓடும். ஆயில் 70-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும்.

அதனால் என்ன கெடுதல் என்றால், எரியாத பெட்ரோலின் ஒரு பகுதியும் எரிவதால் உண்டாகும் நீராவியும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆயில் 100 டிகிரி பக்கம் போனால்தான் அவை ஆவியாகி வெளியேறும். போகாவிட்டால் ஆயில் நீர்த்துப் போகும். ஃபில்லர் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு பழுப்புப் படிவு ஒட்டும். குளிர்ந்திருக்கும் ஆயில் கெட்டியாகவும் இருப்பதால் எஞ்சினும் இழுத்துப் பிடித்தபடி ஓடும். கூலர் போட்டு எஞ்சினைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தேய்மானத்தைக் கூட்டியிருப்போம்.

காற்றால் குளிரூட்டப்படும் பழைய போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் சூட்டைக் காற்றும் ஆயிலும்தான் இறக்கவேண்டும். பல மாடல்களில், பின்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து முன் வலது மட்கார்டுக்குள் இருக்கும் கூலர்வரை குழாய் போட்டார்கள். அப்படிப்பட்ட காரிலும் நடுவில் தெர்மோஸ்டாட் வைத்தார்கள், ஆயில் சூடாகும்வரை முன்பக்கம் போகக்கூடாது என்று. எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் வைத்து ஆயிலைக் கூலருக்குத் திருப்பும் சாண்ட்விச் பிளேட்டுகளில் வரும் தெர்மோஸ்டாட் பொதுவாக 80 டிகிரி பக்கம் திறக்க ஆரம்பிக்கும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயில் கூலர் பக்கம் கசிந்து ஓடும். அது பழுதில்லை, கூலரில் காற்று நிற்காமல் இருக்கவும், திடீரென்று குளிர்ந்த ஆயில் எஞ்சினுக்குள் பாயாமல் இருக்கவும் அப்படிச் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத பிளேட் விலை குறைவு. ரேஸுக்கு மட்டுமே ஓடும் காருக்கு அது போதும். ஆபீஸுக்கும் போகும் காருக்கு வேண்டவே வேண்டாம்.

ஏறிவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று ஆகாது

என்னைக் கேட்டால் இந்த வேலையிலேயே ஆபத்தான இடம் மரைதான். ஆயில் ஃபில்டர் திருகும் தண்டில் இரண்டு அளவுகள் அதிகம் புழங்குகின்றன. ஹோண்டாக்களிலும் 370இசட்-இலும் எம்20, 1.5 பிட்ச் (பிட்ச் என்பது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு நடுவிலான தூரம், மில்லிமீட்டரில்). டொயோட்டா, ஃபோக்ஸ்வாகன் பலவற்றில் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. விட்டம் முதலாவதில் 20 மில்லிமீட்டர், இரண்டாவதில் 19.05. பிட்ச் 1.5-க்கு 1.59. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சிக்கல் ஒரு பக்கமாக மட்டும் வரும். எம்20 தண்டில் முக்கால் அங்குல அடாப்டர் (பிளேட்டைத் தண்டில் பிடிக்கும் திருகு) ஏறவே ஏறாது, அதனால் பிழைத்தோம். முக்கால் அங்குலத் தண்டில் எம்20 அடாப்டர் ஏறிவிடும். கையால் சுற்றும்போது லேசாக ஆடும்; கடைசியில் இறுகியது போலவும் காட்டும். மரையின் நுனிகள் மட்டும்தான் ஒன்றையொன்று பிடித்திருக்கும். காலையில் குளிர்ந்த கெட்டி ஆயிலோடு ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் உச்சத்துக்குப் போகும், அந்த மாதிரி ஒரு நாளில் எல்லாம் சேர்ந்து கழன்று விழும். பிளேட்டின் மறுபக்கம் ஃபில்டர் திருகும் இடத்திலும் இதே கதை உண்டு. மரையளவி வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் அந்தக் காருக்கான சரியான ஃபில்டரை அடாப்டரில் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறவேண்டும்.

அப்புறம், பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கெட் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். கவனிக்காமல் அதன் மேல் பிளேட்டை வைத்தால் இரண்டு ரப்பர் ஒன்றின்மேல் ஒன்று. அது எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, தாங்காது என்று மட்டும் சொல்லலாம். முகப்பைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஓரிங்கில் ஆயில் பூசி மாட்டுங்கள். பிளேட்டின் தடிமனுக்கு ஏற்ப ஃபில்டர் கீழே இறங்கும். ஏதாவது தாழ்வான இடத்தில் அது முதலில் தரையைத் தொடும் நிலைக்கு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹோஸும் ஃபிட்டிங்கும்

பெட்ரோல் ஹோஸையும் ஹீட்டர் ஹோஸையும் கிளிப் போட்டு இறுக்கிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் பிரஷருக்கும் 120 டிகிரி ஆயிலுக்கும் அது ஆகாது. ஏ.என். என்ற அளவுமுறையில் வரும் ஹோஸ் போடுகிறீர்களென்றால் பொதுவாக 10 அளவு போதும். அந்த எண் அங்குலத்தை 16 பங்காக்கி அதில் எத்தனை என்பது, ஆக 10 என்பது சுமார் 16 மில்லிமீட்டர் குழாய். உள்துளை அதைவிடக் கொஞ்சம் குறைவு. பணம் மிச்சம் என்று 6 போட்டால் அது கழுத்தைப் பிடித்த மாதிரி ஆயில் ஓட்டத்தை நெரிக்கும். செங்குத்தாக வளையும் 90 டிகிரி எல்போவும் கொஞ்சம் அப்படித்தான். இடம் இருந்தால் நீண்டு வளையும் வகையை வாங்குங்கள்.

ஏ.என். ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அங்கே ஆயிலை நிறுத்துவது 37 டிகிரி கூம்பு முகம், மரை இல்லை. டேப் எதையும் அடைக்காது. பிய்ந்த துணுக்குதான் ஏதாவது சின்ன ஆயில் துளையை அடைக்கும்.

கூலர் பக்கத்து நட்டை இறுக்கும்போதும் கழற்றும்போதும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று கூலரின் அலுமினியக் கழுத்தை அசையாமல் பிடிக்க. ஒற்றை ஸ்பேனரால் முக்கித் திருப்பினால் கழுத்து அடியில் மயிரிழை வெடிப்பு விடும். அது அன்றைக்குக் கசியாது, சூடேறி ஆறி சில முறை ஓடிய பிறகு கசியும்.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் உறுதியானதுதான், ஆனால் தான் உரசும் எதையும் அரம் மாதிரி அறுத்துவிடும். ஷாசி ஓட்டை வழியாகப் போனால் ரப்பர் வளையம் போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ, பெல்ட் மூன்றிலிருந்தும் விலக்குங்கள். எஞ்சின் தன் மவுன்ட்டில் ஆடும், கூலர் பாடியில் நிற்கும். அந்த ஆட்டத்துக்கு ஹோஸில் இடம் விடவேண்டும்.

இடம்

கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் நடுவில் தொங்கவிடுவது சுலபம். ஆனால் ஆயிலில் ஏறிய சூடு அப்படியே ரேடியேட்டருக்குள் ஊதப்படும். நம்ம ஊரில் ஏசி கண்டென்சரும் அதே வரிசையில் நிற்கும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் டிராக் சார்ந்த மாடல்களில் பம்பரின் இரு மூலைகளிலும் ஆளுக்கொரு கூலரை, தனித்தனிக் காற்றுவழியோடு வைத்தார்கள். முடிந்தால் அந்த வழிதான் நல்லது. ஆனால் மூலையில் வைத்தால் காற்று வெளியேறவும் வழி வேண்டும். முன்னால் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் பின்னால் வீல் ஆர்ச் லைனர் மூடியிருந்தால் காற்று உள்ளே நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். 19 வரிசைக் கூலருக்கு (வரிசை என்பது ஆயில் ஓடும் அடுக்கு) தகரத்தில் ஒழுங்கான காற்றுவழி செய்து கொடுத்தால், வழியே இல்லாமல் தொங்கும் 34 வரிசையைவிட அது நன்றாக வேலை செய்யும். முன்னால் கல் படாமல் ஒரு வலையும் வையுங்கள்.

ஆயில் நுழையும், வெளியேறும் வாய்கள் மேல்பக்கம் இருக்கட்டும். பக்கவாட்டில் நிறுத்தினால் ஆயில் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேறட்டும். வாய்களைக் கீழே வைத்தால் மேலே காற்று சிக்கி, கூலரில் பாதி சும்மா நிற்கும்.

புதுப்பேட்டைக் கூலர்

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கூலர் மலிவாகக் கிடைக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். அது எந்த எஞ்சினிலிருந்து வந்தது, அந்த எஞ்சின் எப்படிச் செத்தது என்று விற்பவருக்கும் தெரியாது. பேரிங் போன எஞ்சினின் உலோகத் துகள்கள் கூலரின் உள்மடிப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினாலும் காற்றடித்தாலும் முழுவதும் வராது. பிறகு சூடும் அதிர்வும் சேர்ந்து மெல்ல மெல்ல வெளியே விடும். சாண்ட்விச் பிளேட்டில் கூலரிலிருந்து வரும் ஆயில் ஃபில்டரைத் தாண்டித்தான் எஞ்சினுக்குப் போகிறது என்றாலும், குளிர்ந்த ஆயிலில் ஃபில்டரின் பைபாஸ் வால்வு (வடிகட்டாமலே ஆயிலை விடும் வழி) திறந்தால் துகள்கள் நேராக உள்ளே போகும். உங்கள் சொந்த எஞ்சினே பேரிங் போய்ப் புதுப்பிக்கப்படுகிறதென்றாலும் இதே விதிதான். இரண்டாவது எஞ்சினையும் தின்னக்கூடிய பொருளை அதில் மாட்டாதீர்கள், கூலரைத் தூக்கிப் போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

காலியான கூலரோடு நேராகச் சாவியைத் திருப்பக்கூடாது. முடிந்த அளவு ஆயிலைக் கூலரில் ஊற்றி மாட்டுங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பிரஷர் வரும்வரை சிறிது சிறிதாக ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். ஃபில்டரைத் தள்ளி வேறு இடத்தில் வைக்கும் கிட் என்றால் இங்கே ஒரு கூடுதல் கவனம்: உள்ளே போகும் லைனும் வெளியே வரும் லைனும் மாறிவிட்டால், ஆயில் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் ஃபில்டரின் ரப்பர் வால்வு வழியை அடைத்துவிடும். பிரஷர் பூஜ்யத்திலேயே நிற்கும். ஸ்டார்ட்டரில் பிரஷர் வரவில்லையென்றால் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஓட ஆரம்பித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். இப்போது டிப்ஸ்டிக் காட்டும் அளவை நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட் இன்னும் திறக்கவில்லை, கூலர் முழுதாக நிரம்பவில்லை. ஆயில் 90-ஐத் தாண்டும்வரை ஓட்டி, அணைத்து, ஆறவிட்டு மறுபடி பாருங்கள். கூலரின் அளவையும் ஹோஸின் நீளத்தையும் பொறுத்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைந்திருக்கலாம்.

பிரஷர் சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கூலருக்கு முந்தைய பக்கம் இருந்தால் அது பம்ப் தள்ளும் பிரஷரைக் காட்டும். பேரிங்குக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு, கூலர் அடைபட்டால் இன்னும் குறைவு, கேஜோ நன்றாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஃபில்டருக்குப் பிறகு மெயின் காலரியில், அதாவது பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் முக்கிய வழியில் போட்டால் உண்மை தெரியும். 1,000 ஆர்.பி.எம்-க்கு 10 பி.எஸ்.ஐ என்ற பழைய கணக்கை அங்கே வைத்துப் பாருங்கள், சூடான ஆயிலில்.

இருங்காட்டுக்கோட்டையிலோ வேறு எங்கோ டிராக்குக்குப் போகிறீர்களென்றால், முதல் ஓட்டம் முடிந்ததும் பம்பருக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். முன்னால் கசியும் ஆயில் உங்கள் டயருக்கடியில்தான் முதலில் வரும், அப்புறம் பின்னால் வருபவரின் டயருக்கு. ஆயில் மாற்றும்போது சம்ப் பிளக்கைக் கழற்றினாலும் கூலருக்குள் இருப்பது இறங்காது. ஃபில்டரைக் கழற்றும் வேகத்தில் பிளேட்டின் நடு போல்ட்டும் கூடவே தளர்ந்திருக்கலாம். புது ஃபில்டர் போடும் முன் அதை டார்க் ரெஞ்சால் ஒரு தடவை சரிபாருங்கள்.