ஈரமாகவே இருந்த தொப்புள் கொடி

பையன் பிறந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, தொப்புள் கொடி காய்கிற வழியாக இல்லை. கிளிப்புக்குக் கீழே பிசுபிசுப்பு, சட்டையில் துளி ரத்தம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் புழுக்கம்தான் காரணம் என்ற மாமியார், மஞ்சள் பற்றுப் போடலாம் என்றார். வீட்டுக்கு வந்த மிஸ்ஸிதான் (நர்ஸ்) காரணத்தைக் கண்டுபிடித்தார்: டயப்பரின் மேல் விளிம்பு கொடியின் மேலேயே உட்கார்ந்து, மூத்திரம் போகும்போதெல்லாம் அதை நனைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து, தொப்புளுக்குக் கீழே நிற்கும்படி கட்டினேன். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, கொடி வயிற்றோடு சேரும் மடிப்பைச் சுற்றித் துடைப்பேன். உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விடுவேன். மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மாச்சிக் (மலாய் அம்மா) அன்போடு கொடுத்த, பிள்ளை வயிற்றில் சுற்றிக் கட்டும் பாருட் துணியும் அலமாரிக்குப் போனது.

கொடி கறுத்து, உலர்ந்த திராட்சை போலச் சுருங்கியது. நூலில் தொங்கும்போது இழுத்துவிடத் தோன்றும். கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்துக்குள் தானே விழும். விழும்போது ஓரிரு துளி ரத்தம் சகஜம். சுற்றுத்தோல் சிவந்து வீங்கினாலோ, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

எங்களுக்கு, விழுந்த பிறகும் சின்ன இளஞ்சிவப்புச் சதைத் துணுக்கு கசிந்துகொண்டிருந்தது. கிரானுலோமா என்றார் டாக்டர். சுற்றிலும் வாசலின் தடவி, சதையைக் கருக்கிவிடும் சில்வர் நைட்ரேட் மருந்துக் குச்சியால் துணுக்கைத் தொட்டுவிட்டார். தொட்ட இடம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம்.